பெஞ்சில் உட்காரும் வேலை

விஜிக்கு உட்காரும் வேலை. இப்படிச் சொன்னதும் ஏசி ரூம், சுழல் நாற்காலி என்று நினைத்துவிடக்கூடாது. ஆபீஸ்காரர்கள் தங்கள் கம்பெனியில் உட்காருவார்கள். விஜி அடுத்தவர் கம்பெனியில் உட்காருவாள். சம்பளம் கொடுப்பவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து தரும் தசரதன். உட்காருவது, இரண்டு தெரு தள்ளித் துலுக்கானத்தின் பட்டறை வாசல் பெஞ்சில்.

துலுக்கானம் ஃபர்னஸ் வைத்திருப்பவர். லேத்தில் கடைந்த இரும்பு அப்படியே பம்புக்குள் போனால் சோப்புக்கட்டி மாதிரி தேய்ந்துவிடும். அதைச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கிக் கெட்டியாக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் நியாயமான கூலிக்கு அதைச் செய்பவர் துலுக்கானம் ஒருவர்தான் என்பதால், எல்லாக் கம்பெனிச் சாமானும் பெட்டி பெட்டியாக அவர் வாசலில் வந்து இறங்கும். எது முதலில் உள்ளே போகும்? யாருடைய ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரோ அவருடைய பெட்டி. ஃபோனில் கத்தினால் பெட்டி நகராது. மெயில் அனுப்பினால் நகராது. ஆள் வந்து உட்கார்ந்தால் நகரும். இது தெரிந்த முதலாளிகள் உட்காருவதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள். ஃபாலோ-அப் என்று அந்த உத்தியோகத்துக்கு மரியாதையான பெயரும் உண்டு.

விஜி பிறந்தது ஆவடிக்கு அந்தாண்டை, வெள்ளானூரில். அம்மா பொன்னியம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவள். கழனி பிளாட்டாகி, பிளாட்டில் வீடு எழும்பியதும், அதே இடத்தில் பாத்திரம் தேய்த்தாள். விஜி பிளஸ் டூ முடித்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் வைத்தாள். கல்யாணமாகி, திவ்யா பிறந்து, மறுபடி பட்டன் வைக்கலாம் என்று போய்ப் பார்த்தால் கம்பெனி வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தது. அப்போதுதான் தசரதனிடம் பேக்கிங்குக்குச் சேர்ந்தாள். ஷாஃப்டுக்கு எண்ணெய் தடவி, பாலித்தீன் சுற்றி, பெட்டியில் அடுக்குகிற வேலை.

தசரதன் அயனம்பாக்கத்துக்காரர். ஏரித் தண்ணீர் யார் கழனிக்கு முதலில் என்று பங்காளிகளோடு மண்டையை உடைத்துக்கொண்ட பரம்பரை. கழனியை விற்று லேத் வாங்கியாகிவிட்டது. மண்டை மட்டும் பழையதே.

உட்காருவதற்கு இருந்த ஆள் கத்தாருக்கு விமானம் ஏறியதும் அவர் விஜியைக் கூப்பிட்டார்.

“துலுக்கானம் பட்டறையில போய் உக்காரும்மா. பொம்பள ஆளு கால்கடுக்கக் காத்துகினு கீதேன்னு அவனுக்கே கூச்சமா பூடும். சீக்கிரம் முடிச்சிக் குடுத்துடுவான்.”

துலுக்கானத்துக்குக் கூச்சம் என்பதே கிடையாது. “வாம்மா. ஃபேன் காத்து அந்த மூலைக்குத்தான் வரும். அங்க கிருபா குந்திகினு கீறான் பாரு, அவன நவுத்திட்டு உக்காரு” என்றதோடு சரி.

கிருபாகரன் போட்டிக் கம்பெனியின் ஆள். அங்கேயும் ஷாஃப்ட்தான். அந்த முதலாளியும் தசரதனும் கல்யாண வீட்டில் எதிரெதிர் பந்தியில் உட்கார நேர்ந்தால்கூட இலையை மூடிவிட்டு எழுந்துவிடுகிறவர்கள்.

“இன்னா தங்கச்சி, தசரதன் கம்பெனியா? உங்காளு எங்காள நாறத் திட்டுவாராமே?”

“உங்காளு மட்டும் எங்காளுக்கு மாலையா போடறாரு?”

“அத்த வுடு. உன் பெட்டி எப்பப் போவணும்?”

“சாயந்தரம் வண்டி வருது அண்ணாத்தே.”

“என்னுது நாளைக்குப் போனா போதும். உன்னுத உள்ள வுடு. எனக்கும் ஒரு நாள் அவசரம் வரும். அன்னிக்கி வாயத் தொறக்காம குந்திகினு இரு.”

இரண்டு டீயோடு ஒப்பந்தம் முடிந்தது.

பெஞ்சில் நடப்பது என்ன என்று விஜிக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது. சண்டை போட்டு முறை வாங்கத்தான் ஒவ்வொரு கம்பெனியும் ஆள் அனுப்பியிருக்கிறது. வந்தவர்களோ அருகருகே உட்கார்ந்து, யாருக்கு இன்று இன்ஸ்பெக்‌ஷன், யார் முதலாளி ஊரில் இல்லை, யாருக்கு நாளை வரை தாங்கும் என்று பேசி, முறையை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டார்கள். ஒரே ரக இரும்பு என்றால் தசரதன் சாமானும் போட்டிக்காரர் சாமானும் ஒரே தட்டில் ஒட்டி உட்கார்ந்து, ஒரே எண்ணெயில் குளித்து வெளியே வரும். முதலாளிகளுக்குத் தெரிந்தால் மாரடைப்பு வரும் என்பதால் யாரும் சொல்லவில்லை.

தசரதன் ஃபோன் செய்தால் விஜி எழுந்து நின்று, ஃபோனைக் காதோடு வைத்தபடியே குரலை ஏற்றுவாள்.

“இன்னா நைனா, காலையிலேந்து குந்திகினு கீறேன், எங்க பெட்டிய இன்னும் தொடவே இல்ல? எங்க மொதலாளிக்கு நீயா பதில் சொல்லுவே?”

துலுக்கானம் உள்ளேயிருந்து, டீயில் பிஸ்கட்டைத் தோய்த்தபடி, அதைவிடக் கத்துவார். “கத்தாதம்மா! காயில் பூட்ச்சி, நான் இன்னா மந்திரமா போட முடியும்?”

ஃபர்னஸைச் சூடாக்கும் காயில் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே கிருபாகரனின் பெட்டி வெந்துகொண்டிருக்கும். எதிர்முனையில் தசரதன் தன் மகன் அபிஷேக்கிடம் பெருமையாகச் சொல்வார்: “விஜி சண்ட போட்டா ஃபர்னஸே நடுங்கும்டா.”

நிர்வாகம் படித்தவர்கள் இதை என்னவென்று சொல்வார்களோ தெரியாது. சம்பளம் வாங்கும் இடத்துக்குச் செய்கிற துரோகம் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் இந்தச் சில்லறைத் துரோகங்களை எல்லாம் கூட்டினால், தசரதனின் வண்டி பெரும்பாலும் நேரத்துக்குக் கிளம்பியது. போட்டிக்காரரின் வண்டியும் கிளம்பியது. தன் ஆள் தனக்காகவே சண்டை போடுகிறாள் என்று ஒவ்வொரு முதலாளியும் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்தத் தூக்கத்தைக் கெடுத்தது, இவர்கள் எல்லாரிடமும் ஷாஃப்ட் வாங்குகிற, பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய பம்பு கம்பெனி. சப்ளையர்களை அழைத்து, குளிர்ந்த ஹாலில் முந்திரி பக்கோடா கொடுத்து, இனி ஒவ்வொரு பட்டறையும் ஓர் ஏஐ ஏஜென்ட் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னார்கள். உங்கள் ஏஜென்ட் அடுத்த கம்பெனி ஏஜென்டோடு தானே பேசிக்கொள்ளும், முறை வாங்கும், தேதி சொல்லும். மனிதர்கள் அலைய வேண்டாம். தசரதன் பக்கோடாவை முடித்துவிட்டு, அபிஷேக்கிடம் வேலையை ஒப்படைத்தார். துலுக்கானத்தின் பட்டறைச் சுவரில் ஒரு டேப்லெட் ஏறியது.

ஏஜென்ட் நன்றாகத் தமிழ் பேசியது. பேச்சிலே கோபமே இல்லை. அதுதான் முதல் சந்தேகம்.

பொருத்தும்போது அது ஒவ்வொரு முதலாளியிடமும் ஒரு கேள்வி கேட்டது: உங்கள் சாமான்களில் எது அவசரம், எது பொறுக்கும்? அம்பத்தூரில் பிறந்தவர் எவராவது என் சாமான் பொறுக்கும் என்று சொல்வாரா? பொறுக்கும் என்று சொன்ன பெட்டி பொங்கலுக்கு வராது, அடுத்த பொங்கலுக்கும் வராது. ஆகவே எல்லாரும் எல்லாவற்றுக்கும் மிக அவசரம் என்றார்கள். மனிதன் கேட்டிருந்தால் சிரித்திருப்பான். ஏஜென்ட் நம்பியது.

முதல் வாரம் விஜி பழக்கதோஷத்தில் பெஞ்சுக்கு வந்துவிட்டாள். கிருபாகரனும் வந்திருந்தான். இருவரும் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“தங்கள் நிலையை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். எனினும் எங்கள் சரக்கு மிக அவசரமானது” என்றது தசரதனின் ஏஜென்ட்.

“தங்கள் அவசரத்தை மதிக்கிறேன். எங்களுடையதும் மிக அவசரமே. மாற்று ஏற்பாடு குறித்துத் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்” என்றது கிருபாகரன் கம்பெனியின் ஏஜென்ட்.

“இன்னா நைனா இது, சம்பந்திங்க பேசிக்கிற மாரி கீது?” என்றாள் விஜி.

“ஆமாம்மா. மண்டபம் மட்டும் என்னுது. மாப்ளையும் வரல, பொண்ணும் வரல” என்றார் துலுக்கானம்.

எஸ்டேட் முழுக்க அதற்குச் சம்பந்தி என்றே பெயர் நிலைத்தது. சம்பந்திகள் முட்டாள்கள் அல்ல. ஒரு லோடு வெந்து முடியும்வரை பொறுத்தால் எல்லாருக்கும் நல்லது என்று கணக்குப் போட்டு, அவற்றில் ஒன்று அவ்வப்போது இறங்கி வரத்தான் செய்தது. ஆனால் இறங்கிய கையோடு அது தன் முதலாளிக்கு ஒழுங்காகச் செய்தி அனுப்பியது: உங்கள் முறை இன்னாருக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. அடுத்த நிமிஷம் முதலாளி ஃபோனை எடுத்து, “என் முறைய அவனுக்கா? வாங்குடா திரும்பி” என்று அழுத்துவார். டேப்லெட்டில் வரிசை மாறும். துலுக்கானம் ஃபர்னஸ் கதவைத் திறப்பார், வரிசை மாறியிருக்கும், மூடுவார். எந்தச் சாமானும் வேகாமலே கரண்ட் ஓடியது.

இந்தக் குழப்பத்தில் ஒரே ஒரு பெட்டிக்கு விடிவு வந்தது. தாயம்மாவின் பெட்டி.

தாயம்மா புருஷன் போன பிறகு இரண்டு லேத்தைத் தானே ஓட்டுகிறவள். அவளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் லேத் நின்றுவிடும். ஆள் வைக்க வசதியில்லை. அவள் பெட்டி மூலையில் கிடக்கும், எல்லாருடையதும் போன பிறகு போகும். இப்போது எல்லாமே மிக அவசரம் என்று சமமாகிவிட்டதால், முதலில் வந்த பெட்டி எது என்று டேப்லெட் பார்த்தது. தாயம்மாவினுடையது. அதை உள்ளே அனுப்பியது.

சாமானை வாங்க வந்த தாயம்மா பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தாள். “நெஜமாவே முட்ச்சிட்டியா அண்ணே?”

“நான் எங்க முடிச்சேன், அது முடிச்சிது” என்று சுவரைக் காட்டினார் துலுக்கானம்.

“இப்பதான் ஒயுங்கா நடக்குது போல” என்று விஜி சும்மா பேச்சுக் கொடுத்தாள்.

தாயம்மா சிரித்தாள். “உங்களுக்கு எப்பவும் ஒயுங்காத்தான் நடந்துச்சி விஜிம்மா. நீங்கள்லாம் குந்திப் பேசி முட்ச்சிக்குவீங்கோ. எனக்குன்னு அங்க யாரு குந்துனாங்கோ?”

கோபமே இல்லாமல் சொன்னாள். பெட்டியை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு போய்விட்டாள். விஜி அந்தப் பெட்டி கிடந்த மூலையைப் பார்த்தாள். பெஞ்சு நியாயமான இடம் என்று இத்தனை காலம் நம்பியிருந்தாள். நியாயம்தான், பெஞ்சில் இடம் பிடித்தவர்களுக்குள்ளே.

அந்த வாரமே தசரதன் அவளைக் கூப்பிட்டார்.

“இந்த மாசத்தோட பெஞ்சு வேல முடிஞ்சிது விஜி. பேக்கிங்குக்கும் ஆளு கீது. போறதுக்கு முன்ன, எப்டி முறை வாங்குவேன்னு அபிஷேக்குக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போ. அவன் மிசினுக்குக் கத்துக்குடுத்துடுவான்.”

திவ்யா காலேஜில் இருக்கிறாள். புருஷன் சின்னப்பையனின் ஷேர் ஆட்டோ ஓடுகிற நாளைவிட மெக்கானிக் கடையில் படுத்திருக்கிற நாள் அதிகம். விஜியின் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. அதை மனதுக்குள் உருட்டிக்கொண்டே அபிஷேக்கின் எதிரில் உட்கார்ந்தாள். அவன் லேப்டாப்பைத் திறந்தான்.

“சொல்லுங்கக்கா. எப்படி முறை வாங்குவீங்க?”

கத்தி, சண்டை போட்டு, வாங்குவேன் என்று சொல்லியிருக்கலாம். சண்டைக்காரி என்ற நல்ல பெயரோடு வெளியே போயிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் இந்தச் சம்பந்திகள் சண்டையையும் கற்றுக்கொள்ளும். அப்புறம் துலுக்கானத்தின் ஃபர்னஸில் ஒரு பெட்டியும் வேகாது.

“குடுத்துதான் தம்பி வாங்குவேன்.”

“எதைக் குடுத்து?”

“முறையத்தான். இன்னிக்கி நம்மள்த அவனுக்கு வுட்டா, நாளைக்கி அவன்து நமக்கு.”

அபிஷேக் தட்டுவதை நிறுத்தினான். “அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா வுடுவாரா?”

அவன் திரையில் பழைய வரிசைகளை உருட்டிப் பார்த்தான். “இது விட்டுக்கொடுக்கத் தயார்க்கா. விட்டுக்கொடுத்துட்டு அப்பாகிட்ட சொல்லிடுது, அவர் பிடுங்கிடறார். உங்களவிட விசுவாசமா இருக்குது. அதுதான் இதோட கோளாறு போல.”

“எயுதிக்கோ தம்பி. அப்பாகிட்டயும் நானே சொல்றேன்.”

தசரதன் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “என் சம்பளத்த வாங்கிகினு, எவனோ ஒருத்தனுக்கு என் முறையக் குடுத்தியா?”

“குடுத்தேன் சார். அவங்க மொதலாளி சம்பளத்த வாங்கிகினு கிருபாவும் உங்களுக்குக் குடுத்தாரு.”

“எத்தினி வாட்டி?”

“யாரு சார் எண்ணிகினு இருந்தது?”

திருடியதாகச் சொன்னால் போலீசுக்குப் போகலாம். கொடுத்ததாகவும் வாங்கியதாகவும் சொன்னால் எங்கே போவது? தசரதனுக்குத் தெரியவில்லை. “நாளைக்கி வரவோணாம். நான் சொல்றப்ப வா” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை விஜி வீட்டில் துணி அலசிக்கொண்டிருந்தபோது துலுக்கானம் ஃபோன் செய்தார். பெரிய கம்பெனிக்கு இரண்டு பேர் ஷாஃப்டும் அன்று சாயந்தரம் போயாக வேண்டும். சம்பந்திகள் விடிந்ததிலிருந்து ஒருவரையொருவர் மதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபர்னஸ் காலியாக எரிகிறது.

“வாம்மா நீ. கிருபாவும் வந்துட்டான். இந்தச் சொவத்துப் பொட்டிய அணைச்சிட்டு, பழையபடி குந்திப் பேசி முடிச்சிடலாம். ஒர்த்தனுக்கும் தெரியாது.”

விஜி ஈரப் புடவையோடு பஸ் பிடித்து, ரயில் மாறி, பட்டறைக்கு வந்தாள். துலுக்கானத்தின் கை டேப்லெட்டின் ஸ்விட்சில் இருந்தது. அணைத்தால் இரண்டு லோடும் மதியத்துக்குள் முடியும். தசரதனின் வண்டி நேரத்துக்குப் போகும். விஜி இல்லாமல் நடக்காது என்று அவருக்கே தெரிந்துவிடும். வேலை திரும்பக் கிடைக்கும். மூலையைப் பார்த்தாள். தாயம்மாவின் புதுப் பெட்டி முந்தாநாளே வந்து இறங்கியிருந்தது. முதலாளிகள் மாற்றி மாற்றி அழுத்தியதில் இந்தத் தடவை அதற்கும் முறை வரவில்லை.

“அணைக்காத நைனா. இரு.”

“இன்னா தங்கச்சி, வேல வோணாமா உனக்கு?” என்றான் கிருபாகரன்.

“வோணும் அண்ணாத்தே. திருட்டுத்தனமா குடுத்து குடுத்து நாம நல்லவங்களாயிட்டோம். மொதலாளி வாயால ஒருவாட்டி குடுக்கட்டும்.”

தசரதனுக்கு அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“உன்ன யாரு அங்க போவச் சொன்னது?”

“சார், தாயம்மா பெட்டி நமக்கு முன்ன வந்துது. சின்ன லோடு. அது மொதல்ல போவட்டும். அப்றம் நம்ம ஷாஃப்டும் கிருபா ஷாஃப்டும் பாதி பாதி ஒரே லோடுல போவும். மிச்சம் அடுத்த லோடு. ரெண்டு வண்டியும் கொஞ்சம் லேட்டாத்தான் கெளம்பும். ஆனா கெளம்பிடும். நீங்க சரின்னு சொல்லணும்.”

“என் சாமான் பக்கத்துல அவன் சாமானா?”

“எப்பவும் அப்டித்தான் சார் வெந்துச்சி.”

துலுக்கானம் சிரிப்பை அடக்க மாட்டாமல் எண்ணெய்த் தொட்டி பக்கம் போய்விட்டார். ஃபோனில் லேத் ஓடும் சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ சுத்தியல் தட்டுவதுகூடக் கேட்டது. பிறகு தசரதன், “ஹலோ... ஹலோ... இன்னாம்மா, சத்தமே கேக்கல... சிக்னல் இல்ல...” என்று சொல்லி வைத்துவிட்டார்.

கிருபாகரன் தன் முதலாளியை அழைத்து அதையே சொன்னான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தசரதன் இன்னா சொன்னான்?” என்றார்.

“அவருக்குச் சரியா கேக்கலியாம் சார்.”

“அப்ப எனக்கும் கேக்கல.”

அபிஷேக் பைக்கில் வந்து சேர்ந்தபோது மூவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவனும் உட்கார்ந்து, விஷயம் முழுவதையும் கேட்டு, லேப்டாப்பில் ஏஜென்டிடமே கேட்டான்: விட்டுக்கொடுக்கிற அதிகாரத்தை இவர்களிடம் கொடுத்துவிட்டு, அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா?

“அதிகாரத்தை அவர்களுக்குத் தரலாம். யார் யாருக்கு விட்டுக்கொடுத்தார் என்பது அவரவர் பெயரோடு இருக்கும். உரிமையாளர் கேட்டால் மறைக்கமாட்டேன். கேட்காதவரை தெரிவிக்க வேண்டாம் என்றால், அதை அவர்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.”

“பரவால்ல, இதுவும் குந்திப் பேச ஆரம்பிச்சிடிச்சி” என்றான் கிருபாகரன்.

அபிஷேக் அதைத் தன் அப்பாவின் ஃபோனுக்கு அனுப்பிவிட்டு நேரிலும் போனான். தசரதன் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். இனி எதுவும் தெரியாது என்று ஆன பிறகு, தெரியாத எழுத்தின் மேல் விரலை வைத்துச் சம்மதத்தை அழுத்தினார். அவர் அழுத்தியதைத் தெரிந்துகொண்டு போட்டிக்காரரும் அழுத்தினார்.

பட்டறையில் டேப்லெட் விஜியிடம் கேட்டது: தாயம்மாவுக்கு உங்கள் முறையை விட்டுக்கொடுக்கிறீர்களா? கீழே அவள் பெயர் இருந்தது. பெஞ்சில் எத்தனையோ முறை கொடுத்திருக்கிறாள். ஒரு தடவையும் யோசித்ததில்லை. அப்போதெல்லாம் காயில் போனதாகச் சொல்லிக்கொள்ளலாம். இன்று காயில் போகாது. வண்டி லேட்டானால், தசரதன் எந்த நிமிஷமும் கண்ணாடியை இறக்கி, யார் கொடுத்தது என்று கேட்கலாம். கேட்டால் சம்பந்தி பொய் சொல்லாது.

“அழுத்தும்மா, சூடு வீணாப் போவுது” என்றார் துலுக்கானம்.

அழுத்தினாள். தாயம்மாவின் பெட்டி உள்ளே போனது. அது வெளியே வந்ததும், தசரதன் ஷாஃப்டும் போட்டிக்காரர் ஷாஃப்டும் ஒரே தட்டில் ஏறின.

இரண்டாம் லோடு எண்ணெயில் இறங்கிப் புகை எழும்பிய நேரத்தில் விஜியின் ஃபோன் அடித்தது. தசரதன். அவள் எழுந்து நின்றுகொண்டாள். கத்துவதற்கு இந்தத் தடவை எதுவும் இல்லை.

“சாப்ட்டியா?”

“இன்னும் இல்ல சார்.”

“துலுக்கானத்துக்கு இருமல் எப்டி கீது?”

“பரவால்ல சார்.”

“அங்க மழ வர்ற மாரி கீதா? இங்க மூட்டமா கீது.”

“இங்கயும் மூட்டம்தான் சார்.”

அவர் எதையோ கேட்க வாய் எடுப்பதும் விழுங்குவதும் ஃபோனில் தெளிவாகவே கேட்டது. சிக்னல் நன்றாக இருந்தது.

“சரி, நாளைக்கி நேரா பெஞ்சுக்கே பூடு. இங்க வந்து சுத்திகினு போவாத” என்று சொல்லி வைத்தார்.

விஜி பெஞ்சில் உட்கார்ந்தாள். கிருபாகரன் அவள் முகத்தையே பார்த்தான்.

“இன்னா கேட்டாரு?”

“ஒண்ணுமே கேக்கல அண்ணாத்தே” என்றாள் விஜி. “ரொம்ப கஷ்டப்பட்டு ஒண்ணுமே கேக்கல.”